ஆளுக்கொரு பொய்

கேக் நன்றாக இருந்தது, ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு விட்டுப்போகும். மாப்பிள்ளை என்று நாங்கள் கூப்பிடுகிற சிநேகிதனின் மகள் கையால் செய்தது. மேலே மொறுமொறுவென்று இருந்தது, நடுவில் அரைவேக்காடு. "நம்மள மாதிரியே இருக்கு" என்றான் சங்கு. அதற்கே நாங்கள் நாலு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சிரித்தோம். நாற்காலி கிரீச்சிட்டால் சிரிப்பு, ஒருவன் குனிந்து நிமிர்ந்தால் சிரிப்பு. ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்புதான் பதில். அது போதாது, ஒழுங்காகச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் லிஃப்ட் மாட்டுகிறவர்கள். எங்கள் பெயர்கள் உங்கள் தாளில் இருக்கின்றன, ஆனால் எனக்கு அந்தப் பெயர்களில் பேச வராது. மாப்பிள்ளை, தாத்தா, சங்கு, நான் வால். மாப்பிள்ளை வேலைக்கே கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வருவான். கிரீஸ் டப்பாவுக்குள் கைவிடும்போதுகூட முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டான். தாத்தாவுக்கு மீசை முளைத்த வேகத்திலேயே தலை நரைத்துவிட்டது, அதனால் இளம் வயதிலேயே தாத்தா. இப்போது மை பூசிப் பூசி எங்கள் எல்லோரையும்விட அவன்தான் வாலிபன். சங்கு கிணற்றின் அடியிலிருந்து கூப்பிட்டால் மொட்டைமாடி மெஷின் அறை வரை கேட்கும். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த உயரமான இடைவெளியை நாங்கள் கிணறு என்போம். இப்போது சங்குக்குக் காது மந்தம். ஆகவே குரல் இன்னும் ஏறிவிட்டது.

நான் கடைசியாகச் சேர்ந்தவன். அவர்கள் எங்கே போனாலும் பின்னாலேயே போனவன். வால் என்று வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. வால் என்றால் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி எங்களைத் தேடி வந்து வேலை சொல்வார். அவர் கண்ணில் படாமல் உட்கார உலகத்திலேயே ஓர் இடம்தான் உண்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திய லிஃப்ட். நாலு பேரும் உள்ளே ஏறி, நடுவழியில் நிறுத்தி, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குப் பெயர் சபை. சபைக்கு ஒரே விதி. ஆளுக்கொரு பொய் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிக்கும்படியான பொய். நாலு பொய்யும் விழுந்தால்தான் லிஃப்ட் நகரும். அதுவரை வயிற்றைக் கலக்கினாலும் யாரும் இறங்க முடியாது. ஒருமுறை சங்குக்கு நிஜமாகவே கலக்கியது. அதையும் பொய் என்றே எண்ணிச் சிரித்தோம். அப்புறம் அந்த லிஃப்ட்டைக் கழுவியது நான்தான்.

அதன்பிறகு என்ன, எல்லோருக்கும் நடப்பதுதான். ஒருவன் மகன் வீட்டோடு போனான், ஒருவன் மருமகன் கடையில் கணக்குப் பார்க்கப் போனான். நான் மட்டும் கம்பெனியிலேயே இருந்துவிட்டேன். பழைய கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிற வேலை. இள வயதுக்காரர்கள் அந்தப் பழைய இயந்திரங்களைத் தொடப் பயப்படுவார்கள், அதனால் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பினாலும் வீட்டில் யாரும் இல்லை. மனைவி எப்போதோ போய்விட்டாள். அது உங்களுக்கு வேண்டாத கதை, எனக்கும்தான்.

நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கடைசியாக மாட்டியது இந்தக் கட்டடத்து லிஃப்ட்டைத்தான். தான் மாட்டிய லிஃப்ட்டில் ஏறி இறங்கி வயதாக வேண்டும் என்று அடம்பிடித்து, வெளிநாட்டில் இருக்கிற மகளை இங்கேயே வீடு வாங்க வைத்தவன் மாப்பிள்ளை. பழுது பார்க்க நான் வரும்போதெல்லாம் அவன் வீட்டுக் கதவு திறந்திருக்கும். மாதத்தில் ஒரு நாள் அது. அந்த ஒரு நாளுக்காகச் சில மாதம் நான் சின்னச் சின்னப் பழுதுகளை விட்டுவைத்ததும் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்கப் போவதில்லை.

மகள்தான் போன் செய்தாள். "அங்கிள், அப்பாவுக்குப் பிறந்தநாள். உங்க கூட்டம் மொத்தத்தையும் கூப்பிட்டிருக்கேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் அப்பாவையும் அம்மாவையும் என்னோட கூட்டிட்டுப் போயிடறேன். விசா வந்துடுச்சு. இனிமே அங்கயேதான். அதான் கடைசியா ஒருதடவை எல்லாரும்…" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

பொய் இல்லை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நாலு பேரும் ஒரே இடத்தில், அதுவும் இந்தக் கட்டடத்தில். மீதியை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

விழா மொட்டைமாடிக் கூடத்தில், மதியச் சாப்பாட்டோடு. வாசலிலேயே மகள் ஒரு கூடையோடு நின்றாள். "போனெல்லாம் இதுல போடுங்க. இன்னைக்கு முகத்தைப் பார்த்துப் பேசுங்க." எல்லோரும் போட்டோம். நானும் என் சொந்தப் போனைப் போட்டேன். கம்பெனி கொடுத்த போன் கால்சட்டைப் பையில் இருந்தது. லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால் அன்றைய டூட்டி ஆளுக்கு அழைப்பு போகும். அன்றைய டூட்டி நான். கேட்டு வாங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை டூட்டியைக் கேட்டு வாங்குகிறவன் கிடைத்தால் எந்த மேலாளரும் காரணம் கேட்க மாட்டார். போனைச் சத்தம் வராமல் வைத்திருந்தேன், நடுங்க மட்டும் செய்யும்.

சங்குவும் தாத்தாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தான்.

"டேய், நீங்களாடா?"

"இல்ல, எங்க அப்பாங்க வந்திருக்காங்க" என்றான் தாத்தா.

"உன் அப்பாவுக்கு இவ்வளவு கறுப்பா முடி இருக்காதேடா!"

"என்ன சொல்றான்?" என்று சங்கு கூடமே அதிரும்படி கேட்டான்.

"உனக்குக் காது நல்லா கேக்குதான்னு கேக்கறான்."

"ஆமா, நேத்துதான் சாப்பிட்டேன்" என்றான் சங்கு.

அவ்வளவுதான். அதற்குமேல் எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. யாருக்கு எந்த மூட்டு போனது, யார் பல் யாருடையது, யார் எந்த வேளை மாத்திரையை மறந்துவிட்டு இரண்டாக விழுங்குகிறான் என்று ஒரே கும்மாளம். தாத்தா தன் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இது கேக் சாப்பிடாது, இதுக்குச் சர்க்கரை" என்றான். மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்த வயிறு குலுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் உடம்பு லேசாகிவிட்டது. எத்தனையோ வருடமாக என் முகத்தில் அசையாமல் கிடந்த சதைகள் எல்லாம் வலித்தன. நல்ல வலி.

அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, அவரை ரொம்பச் சிரிக்க வைக்காதீங்க. நெஞ்சுல ஏற்கெனவே ஒருதடவை வந்துடுச்சு, உங்களுக்குத் தெரியுமில்ல? டாக்டர் அதிராம இருக்கச் சொல்லியிருக்கார். மாத்திரை என் பையில இருக்கு. வலின்னு சொன்னா உடனே நாக்குக்கு அடியில வைக்கணும். நீங்கதான் பொறுப்பானவரு, அதான் உங்ககிட்ட சொல்றேன்."

"நான் பார்த்துக்கறேன் அண்ணி" என்றேன்.

என்னிடம் சொன்னதால் அவளுக்கு நிம்மதி. பையை மேசைக்கடியில் வைத்துவிட்டு உறவுக்காரர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மகள் எழுந்து நின்று விசா விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினான், கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பிவைக்கிறவர்கள் சிரிப்பதுபோல. சங்குக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். அப்போதுதான் நான் சொன்னேன், "வாங்கடா, கடைசியா ஒரு சபை போட்டுட்டு வருவோம்."

மூன்று பேரும் பள்ளிக்கூட மணி அடித்ததுபோல எழுந்தார்கள். மாப்பிள்ளை வாயில் விரல் வைத்து, "உஷ், உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவா" என்றான். நாலு கிழவர்கள் சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி லிஃப்ட்டுக்குப் போனோம். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. வயதானவர்கள் ஓர் அறையை விட்டுப் போவதை யாரும் கவனிப்பதில்லை, கழிப்பறைக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

பக்கத்து லிஃப்ட்டில் பழுது பார்க்கப்படுகிறது என்று ஒரு பலகை தொங்கியது. காலையில் நான்தான் தொங்கவிட்டேன். அந்த லிஃப்ட்டுக்கு ஒரு பழுதும் இல்லை. ஒன்று நின்றுபோனால் இன்னொன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஆட்களை மாற்றி ஏற்றுவது எங்கள் தொழிலில் ஒரு வழி. அந்த வழி அன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

"எங்கடா நிறுத்தறது?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி? குருட்டுச் சுவர்லதான்!" என்றான் தாத்தா.

இந்தக் கட்டடத்தில் கீழே பெரிய வரவேற்புக் கூடம், இரண்டு மாடி உயரம். தரைத்தளக் கதவுக்கு மேலே அந்த உயரம் முழுக்க லிஃப்ட்டுக்குக் கதவு கிடையாது, வெறும் சுவர். அங்கே நின்றால் உள்ளிருந்து யாரும் வெளியேற முடியாது, வெளியிலிருந்து யாரும் எட்டவும் முடியாது. மேஸ்திரியின் குரல்கூட எட்டாது. அதனால் அந்த நாட்களில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். பாருங்கள், இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை.

பட்டன்களுக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். அதைச் சாவி போட்டுத் திறந்தால் நிறுத்துகிற சுவிட்ச். நிறுத்தினேன். மூடியை மறுபடி பூட்டினேன். கையால் உள்கதவைத் தள்ளித் திறந்தேன். சுவரில் எங்கள் எழுத்து அப்படியே இருந்தது. துருப்பிடிக்காமல் அடிக்கிற சிவப்புப் பெயிண்டில், அன்று ஆளுக்கொரு பொய் எழுதியிருந்தோம். மேஸ்திரி தங்கமான மனுஷன், இது சங்கு. என் தலைமுடி கறுப்பு, இது தாத்தா. எனக்கு வயசே ஆகாது, இது மாப்பிள்ளை. கடைசியில் சின்னதாக, எனக்கு வீட்டுக்கு நேரமாச்சு. அது நான்.

"டேய் தாத்தா, உன் பொய் பலிச்சிடுச்சுடா!" என்று மாப்பிள்ளை அவன் தலையைத் தடவினான். கை கறுப்பாகிவிட்டது. அதைப் பார்த்துச் சங்கு சிரித்த சிரிப்பில் லிஃப்ட்டே லேசாக ஆடியது.

அப்போது என் கையிலிருந்து சாவி நழுவியது. லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அதில் விழுந்து, சுவரில் மோதி மோதி, அடியில் போய் டிங் என்றது. அருமையான சத்தம்.

"சாவி கீழே விழுந்துடுச்சு" என்றேன்.

ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் வெடித்தது பாருங்கள் சிரிப்பு. காலமெல்லாம் மற்றவர்களை லிஃப்ட்டிலிருந்து இறக்கிவிட்ட நாலு பேர், தாங்கள் மாட்டிய லிஃப்ட்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மாப்பிள்ளையால் நிற்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து வழிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உட்காரும்போது ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு சத்தம் போட்டது, அதற்கும் சிரிப்பு. தாத்தா எட்டி மணியை அழுத்தினான். என் தொடையில் போன் நடுங்கியது.

"எவன்டா இன்னைக்கு டூட்டி?" என்றான் சங்கு.

"புதுசா ஒருத்தன். போன் எடுக்க மாட்டான். ஞாயித்துக்கிழமைன்னா தூங்குவான்" என்றேன்.

"நம்ம காலத்துல இப்படியா?"

"நம்ம காலத்துல போனே இல்லடா."

தாத்தா விடாமல் அழுத்தினான். என் தொடை விடாமல் நடுங்கியது. கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல இருந்தது. அதனால் நான் எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தேன்.

இப்போது நான் சொல்கிற ஒன்றைக் கவனியுங்கள். அந்த டிங் என் வீட்டுச் சாவி. லிஃப்ட் சாவி என் சட்டைப்பையில், கைக்குட்டைக்குள் இருந்தது. அந்த வீட்டுக்கு நான் அவசரமாகத் திரும்ப வேண்டிய காரணம் எதுவும் இல்லை, ஆகவே அது பெரிய இழப்பில்லை.

சபை தொடங்கியது. முதல் பொய் சங்கு. "நேத்து என் பொண்டாட்டி என்கிட்ட மன்னிப்புக் கேட்டா."

"கேட்டிருந்தாலும் உனக்கு எங்கடா கேட்டிருக்கும்!"

அடுத்தது தாத்தா. "போன வாரம் பஸ்ல ஏறினேன். ஒரு காலேஜ் பொண்ணுகூட எழுந்து எனக்கு இடம் குடுக்கல."

அவன் தன் சோகத்தைத் தலைகீழாக மாட்டிக் காட்டிய விதம் அப்படி. பாதிச் சிரிப்பில் சங்குக்கு இருமல் வந்து, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாவது மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் தன் சட்டையின் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கு என் மகளோட போறதுக்கு ரொம்ப ஆசை" என்றான்.

அவனே முதலில் சிரித்தான். பிறகு நாங்கள் எல்லோரும், முன்பு சிரித்ததைவிட நாலு மடங்கு. சிரித்துச் சிரித்து அவன் என் தோளில் விழுந்தான். அவன் தலை என் தோளில் இருந்தது, ஐயா. இத்தனை வருடத்தில் அவர்கள் பின்னால் போனேனே தவிர, யாரும் என்மேல் சாய்ந்ததில்லை.

"டேய் வால், உன் முறை" என்றான் தாத்தா.

"நான் சொல்லிட்டேன்."

"எப்படா சொன்னே?"

"நான் சொல்லிட்டேன்டா."

அதுதான் என் பொய் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்கள். நான் விதியை மீறவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சபையில் பொய் சொல்ல வேண்டும், சொன்னேன். அது பொய் என்று கண்டுபிடிப்பது மற்றவர்கள் பாடு.

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை, "எனக்கு நெஞ்சு வலிக்குதுடா" என்றான்.

சங்கு தரையைத் தட்டிச் சிரித்தான். தாத்தா, "போடா, இது பழைய பொய். வேற சொல்லு" என்றான். அவர்கள்மேல் தப்பில்லை. அந்த நாட்களில் மூட்டை தூக்க வேண்டி வந்தால் மாப்பிள்ளை இதைத்தான் சொல்வான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு. சபையில் சொல்கிற எதையும் யாரும் நம்புவதில்லை, அதற்குத்தான் சபை. ஆனால் மாப்பிள்ளை தன் பொய்யை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தான். அவன் முறை போய்விட்டது. அவர்கள் இருவருக்கும் அது ஞாபகம் இல்லை. வயதாகிவிட்டால் யார் முறை என்பதெல்லாம் குழம்பிவிடும். எனக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு அந்த மதியத்தில் எல்லாமே ஞாபகம் இருக்கிறது.

அவன் நெற்றி என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஈரமாக, குளிர்ந்து. அண்ணி சொன்ன மாத்திரையை நினைத்தேன். லிஃப்ட் மேலே போக ஆகிற நேரத்தையும் நினைத்தேன், அது ஒன்றும் அதிகமில்லை. நான் மாட்டிய லிஃப்ட், எனக்குத் தெரியாதா? சட்டைப்பையில் கைவிட்டுக் கைக்குட்டையைத் தொட்டும் பார்த்தேன்.

ஆனால் யோசியுங்கள். சாவியை எடுத்தால் மூன்று பேரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் அவ்வளவு சிரிப்பும் செத்துப்போகும். கேக், பல்செட், சுவர் எழுத்து, என் தோளில் விழுந்தது, எல்லாமே ஒரு கிழவன் செய்த தந்திரம் என்று ஆகிவிடும். அப்புறம் அவர்கள் என்னை எங்கே கூப்பிடுவார்கள்? வலி என்பது வரும், போகும். எனக்கும் பலமுறை வந்திருக்கிறது, வாயு என்று சுக்கு மென்றுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தேன். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கைக்குட்டையை எடுக்கவில்லை.

தாத்தாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். மாப்பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டான். முழங்காலால் தவழ்ந்து வந்து அவன் கைப்பொத்தானைக் கழற்றி நாடியைப் பிடித்துப் பார்த்தான். யாரும் கழற்றவிடாத பொத்தான் அது. "டேய், நிஜம்டா. இது நிஜம்டா" என்றான். சங்கு கதவுப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக் கத்தினான். அவ்வளவு பெரிய குரல். குருட்டுச் சுவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. தாத்தா மணியை அழுத்திக்கொண்டே இருந்தான், அழுதுகொண்டே. சங்கு மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஒரு மௌனம் வந்தது. அந்த மௌனத்தில் என் பையில் போன் நடுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காது கேட்காத சங்குக்கு மட்டும் கேட்கவில்லை.

தாத்தா பட்டனிலிருந்து விரலை எடுத்தான். சத்தம் நின்றது. மறுபடி வைத்தான். மறுபடி நடுங்கியது. எங்கள் தொழிலில் கோளாறு எங்கே என்று அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

அவன் என் பக்கம் வந்தான். என் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினான், நான் கைகளைத் தூக்கி இடம் கொடுத்தேன். போன், அப்புறம் கைக்குட்டை, அப்புறம் சாவி. மூடியைத் திறந்து அவனே லிஃப்ட்டைக் கிளப்பினான். முதலில் அவன் கண்ணை நீர் மறைத்ததால் சாவி துவாரத்தில் நுழையவில்லை. நான் பிடித்து நுழைத்துக் கொடுத்தேன். அதையும் எழுதுங்கள், நான் உதவி செய்தேன். மேலே கதவு திறந்தபோது எதிரே அண்ணி நின்றாள். கையில் பையோடு. மகள் எங்களைத் தேடச் சொல்லியிருந்தாளாம். அப்போது மாத்திரைக்கு வேலை இல்லை.

தாத்தா உங்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். இவன் பொறாமையில் செய்தான், மாப்பிள்ளை நல்லா வாழ்ந்தது இவனுக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லியிருப்பான். துக்கத்தில் சொல்வது. அவர்கள் எல்லோரையும்விட மாப்பிள்ளைமேல் பிரியம் எனக்குத்தான். வேறு யார் அவனைப் போக வேண்டாம் என்று தடுத்தார்கள்? கைதானே தட்டினார்கள். சங்கு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக உங்கள் காவலர் சொன்னார். என்னைப் பார்க்கத்தான் வந்திருப்பான். கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது அந்த இருவருக்கும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் உங்களுக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் முழுக்கச் சொல்லச் சொன்னீர்கள்.

மாப்பிள்ளை வலி என்று சொல்லி, அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவன் என் காதுப் பக்கமாக வாயைக் கொண்டுவந்தான். மூச்சு விட்டுவிட்டு வந்தது. "வால், சாவி உன்கிட்டதான இருக்கு" என்றான். அவன் எங்களில் மிகவும் தேர்ந்த கைக்காரன். கிணற்றில் எது விழுந்தாலும் சத்தத்தை வைத்தே என்னவென்று சொல்லிவிடுவான். டிங் என்றது லிஃப்ட் சாவி இல்லை என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவ்வளவு நேரம் எங்களோடு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான், பாருங்கள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். கோபம் இல்லை. என் சட்டையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தலையை என் தோளிலேயே வைத்துக்கொண்டான்.

நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சட்டத்துக்கு அப்படித்தான் எழுத வரும். ஆனால் அவனுக்கும் எனக்கும் நடுவில் நடந்தது வேறு. அவன் உண்மையிலேயே வெளியே போக ஆசைப்பட்டிருந்தால், இன்னொரு முறை கேட்டிருப்பான்.